பயிற்சி முடிந்தது, பணி வரவில்லை

கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. ஏற்றுகிறவர்கள் பர்வத ராஜகுலத்தார். மீன்பிடித் தொழிலோடு தொடர்புடைய குலத்தவர். தலைமுறை தலைமுறையாக அந்த உரிமை அவர்களுடையது. அண்ணாமலையாரே சோதி வடிவில் நிற்பதாக நம்பி லட்சக்கணக்கானோர் கைகூப்பும் சுடர், உழைக்கும் சாதி ஒன்றின் கையால்தான் எரியத் தொடங்குகிறது. அதற்கு எவரும் ஆகமத் தடை சொல்லவில்லை. மலையடிவாரத்தில், ஒன்பது கோபுரங்களுக்கு நடுவே இருக்கும் கருவறைக்குள் வேறு விதி. அங்கே திருமேனியைத் தீண்டிப் பூசை செய்யும் உரிமை ஆதிசைவ சிவாச்சாரியார்களுக்கு மட்டும் என்பது மரபு.

அந்த விதியை மாற்றும் முயற்சி ஒன்று 2007-இல் இதே ஊரில் வகுப்பறையாக உருவெடுத்தது. தமிழக அரசு ஆறு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தது. சைவத்துக்கு மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை. வைணவத்துக்குத் திருவரங்கம், சென்னை திருவல்லிக்கேணி. தலித்துகள் உட்பட பல சாதிகளைச் சேர்ந்த இளைஞர்கள் சேர்ந்தார்கள். 200-க்கும் மேற்பட்டவர்கள் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள். அவர்களில் முதலாமவருக்கு அறநிலையத் துறைக் கோயிலில் வேலை கிடைத்தபோது ஆண்டு 2018.

தோல்விக்குப் பிறகும் தளராமல் இருப்பது பற்றித் தமிழில் ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் அவை தனிமனிதரின் மனவுறுதியைப் புகழ்பவை. இந்த மாணவர்களிடமும் உறுதி இருந்தது. ஆனால் அது மட்டுமே துணையாக இருந்திருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் எல்லோரும் அவரவர் பிழைப்பைப் பார்த்துக் கலைந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். தங்களுக்கு வந்த மறுப்பை அவர்கள் எப்படி வாசித்தார்கள், யாரோடு சேர்ந்து வாசித்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் இந்த நீண்ட காத்திருப்பு புரியும்.

கோயில் வாசலில் மறுக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போய் அங்கும் தோற்பது தமிழகத்துக்குப் புதிதல்ல. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். இராமநாதபுரம் சேதுபதி வழக்குத் தொடுத்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பானது. பேரரசின் உச்ச நீதிபீடமே இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு மேல்முறையீடு செய்ய இடமில்லை. ஆனாலும் 1920களின் பிற்பகுதியில் சுயமரியாதை இயக்கத்தவர் மீண்டும் கோயில் நுழைவுக்கு முயன்றார்கள். அப்படி முயன்ற ஊர்களில் திருவண்ணாமலையும் ஒன்று. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார்களும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனார்கள். அதே ஆண்டு அதைப் பாதுகாக்கும் சட்டமும் வந்தது. 1908-க்கும் 1939-க்கும் இடையில் பிரிவி கவுன்சில் தீர்ப்பின் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது ஊர்.

வாசல் திறந்த பிறகு மிச்சமிருந்தது கருவறை. கடவுள் மறுப்பாளரான பெரியார் அந்த உரிமைக்காகத் தம் கடைசி ஆண்டுகளைச் செலவிட்டார். அவருக்கு அது வழிபாட்டுச் சிக்கலாகத் தெரியவில்லை. ஒரு மனிதர் தொட்டால் தெய்வம் தீட்டுப்படும் என்ற கருத்து நாட்டில் கடைசியாகச் சட்டப் பாதுகாப்போடு தங்கியிருக்கும் இடமாகத் தெரிந்தது. 1970 ஜனவரி 26 அன்று கருவறை நுழைவுக் கிளர்ச்சி என்று அறிவித்தார். முதலமைச்சர் மு. கருணாநிதி சட்டமே கொண்டுவருவதாகச் சொல்ல, கிளர்ச்சி தள்ளிவைக்கப்பட்டது. 1970 டிசம்பர் 2 அன்று இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 55-ஆம் பிரிவைத் திருத்தி, பரம்பரை வழி அர்ச்சகர் நியமனம் ஒழிக்கப்பட்டது.

சிவாச்சாரியார்களும் பட்டாச்சாரியார்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 12 மனுக்கள். 1972 மார்ச் 14 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சேஷம்மாள் வழக்கில் தீர்ப்பு சொன்னது. சட்டம் செல்லும் என்றது தீர்ப்பு. அர்ச்சகரை நியமிப்பது மதம் சாராத செயல். தந்தைக்குப் பின் மகன் என்ற வழக்கத்தை அரசு நீக்கலாம். இதைப் படித்தால் அரசு வென்றதாகவே தோன்றும். ஆனால் ஆகமப்படி அமைந்த கோயிலில், அந்த ஆகமம் குறிப்பிடும் பிரிவைச் சேராதவர் திருமேனியைத் தொட்டால் புனிதம் கெடும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்கு அரசமைப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் பாதுகாப்பு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மகன் என்பதற்காக வேலை கிடைக்காது. ஆனால் வேலை கிடைக்கத் தகுதியுள்ளவர்கள் அந்தக் குலத்தில் மட்டுமே இருப்பார்கள். நடைமுறையில் பழைய நிலை அப்படியே நின்றது. கையில் வெற்றி, வாசலில் தோல்வி. பெரியார் 1973 டிசம்பர் 8, 9 தேதிகளில் சென்னையில் சமுதாய இழிவு ஒழிப்பு மாநாடு நடத்தினார். அதே மாதம் 24-ஆம் தேதி காலமானார். பெரியாரின் நெஞ்சில் தைத்த முள் என்று இந்தக் கோரிக்கையைத் திராவிட இயக்கத்தார் அன்றிலிருந்து சொல்லி வருகிறார்கள்.

அடுத்த முப்பது ஆண்டுகளில் சிறிய அசைவுகளே இருந்தன. எம்.ஜி.ஆர். ஆட்சியில் நீதிபதி எஸ். மகராஜன் தலைமையிலான குழு 1982-இல் அறிக்கை தந்தது. உரிய பயிற்சி கொடுத்தால் எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்றது அந்த அறிக்கை. பிறகு 2002 அக்டோபரில், கேரளத்தின் ஒரு சிவன் கோயிலில் பிராமணர் அல்லாத ஒருவரைத் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு சாந்தியாக, அதாவது அர்ச்சகராக, நியமித்தது செல்லும் என்று ஆதித்தயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழிபாட்டு முறை தெரிந்து, உரிய தகுதி பெற்றிருந்தால் போதும். பிறப்பைக் கேட்க வேண்டியதில்லை. 2006 மே 13 அன்று மீண்டும் முதலமைச்சரான கருணாநிதி, பத்தே நாளில், மே 23 அன்று, தகுதியும் பயிற்சியும் உள்ள இந்து எவரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை வெளியிட்டார். ஆதிசைவ சிவாச்சாரியார்கள் சங்கம் உடனே உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஆகஸ்டில், தற்போதைய நிலையே தொடர வேண்டும் என்ற இடைக்கால உத்தரவு வந்தது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பள்ளிகள் திறக்கும் முன்பே நியமனத்துக்குத் தடை வந்துவிட்டது. அந்த வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் முடிவு தெரியாத வழக்கு ஒன்றின் நிழலில் உட்கார்ந்தார்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு பாடத்திட்டத்துக்கும் தகுதிகளுக்கும் பரிந்துரை தந்தது. கற்பிக்க ஆள் கிடைப்பது எளிதாக இல்லை. மரபு அர்ச்சகர்கள் பலர் பாடம் எடுக்க மறுத்தார்கள். எடுக்க முன்வந்தவர்கள் தங்கள் சுற்றத்தின் கோபத்தைச் சம்பாதித்தார்கள். இருந்தும் வகுப்புகள் நடந்தன. வடமொழி மந்திரங்கள், தமிழ்ப் போற்றிகள், முத்திரைகள், அபிஷேக முறை, அலங்காரம், நைவேத்தியம், தீபாராதனையின் வரிசை. முடிவில் தீட்சை.

அந்த மாணவர்கள் பக்தர்கள் என்பதை இந்த விவாதத்தில் இரண்டு பக்கத்தாரும் மறந்துவிடுகிறார்கள். ஆதரித்தவர்களில் கணிசமானோர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள். எதிர்த்தவர்கள் இவர்களை நாத்திகரின் கைப்பாவைகள் என்று பேசினார்கள். ஆனால் சிவனுக்குப் பூசை செய்யும் ஆசை இல்லாத ஒருவர், ஓராண்டு விடுதியில் தங்கி, அசைவம் விட்டு, அதிகாலையில் எழுந்து மந்திரம் மனனம் செய்ய வேண்டிய தேவை என்ன? வேலைக்காக மட்டும் என்றால் அதைவிட எளிதான படிப்புகள் இருந்தன. தாங்கள் நேசிக்கும் தெய்வத்தின் பெயரால் தாங்களே விலக்கப்படுவது எந்த நேர்முகத் தேர்வில் தோற்பதைவிடவும் ஆழமாக வலிக்கக்கூடியது. வேலை மறுக்கப்பட்டவர் வேறு அலுவலகத்துக்குப் போகலாம். சாமி மறுக்கப்பட்டவர் எங்கே போவார்?

2008-க்குப் பிறகு அடுத்த அணிக்கு வகுப்பு நடக்கவில்லை. பள்ளிகள் மூடிக் கிடந்தன. சான்றிதழ் பெற்றவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். சிலர் தெருமுனைப் பிள்ளையார் கோயில், ஊர் மாரியம்மன் கோயில் என்று சிறிய, துறைக்குச் சொந்தமில்லாத கோயில்களில் பூசை செய்தார்கள். பலர் வேறு கூலி வேலைகளுக்குப் போனார்கள். மந்திரம் நாவில் தங்க வேண்டுமானால் நாள்தோறும் சொல்ல வேண்டும். பூசையற்ற ஆண்டுகளில் கற்றது மெல்ல நழுவும். படித்த படிப்பே கையைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது தனி வகைத் துன்பம்.

இங்கேதான் திருவண்ணாமலையின் பங்கு பெரிது. அர்ச்சகர் பயிற்சி பெற்ற மாணவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் தலைவர் திருவண்ணாமலையைச் சேர்ந்த வா. அரங்கநாதன். அன்றிலிருந்து பத்திரிகைச் செய்திகளிலும் போராட்டங்களிலும் இந்த மாணவர்களின் குரலாக ஒலித்தவர் அவர். மனித உரிமைப் பாதுகாப்பு மையத்தின் வழக்கறிஞர்கள் உடன் நின்றார்கள். மாணவர்கள் செய்த முக்கியமான காரியம் ஊர்வலமோ உண்ணாவிரதமோ அன்று. உச்ச நீதிமன்ற வழக்கில் தங்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதுவரை அது அரசுக்கும் சிவாச்சாரியார்களுக்கும் இடையிலான வழக்கு. எவருடைய வாழ்க்கை நடுவில் தொங்குகிறதோ அவர்கள் அதில் இல்லை. அரசு மாறும், மாறினால் அரசின் வாதமும் சோர்ந்துபோகலாம். 2011-இல் ஆட்சி மாறத்தான் செய்தது. மாணவர்கள் தரப்பாக நின்றதால், வழக்கை யாரும் சத்தமில்லாமல் முடித்துவிட முடியவில்லை. என் பார்வையில் இந்தப் பதினைந்தாண்டுக் கதையின் திருப்பம் அந்த ஒரு மனுதான்.

எதிர்த்தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஐந்து முனிவர்களின் வழிவந்தவர்களாகத் தங்களைக் கருதும் ஆதிசைவர்கள் எண்ணிக்கையில் சிறிய சமூகம். சிறு வயதிலேயே பாடசாலையில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் கற்றவர்கள் அவர்களில் உண்டு. வருமானமில்லாத கிராமக் கோயில்களில் அரைவயிற்றோடு விளக்கேற்றி வருபவர்கள் உண்டு. ஓராண்டுப் படிப்பு போதுமா என்ற அவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை, படிப்பை இன்னும் ஆழமாக்குவதும் தேர்வைக் கடுமையாக்குவதும் ஆகும். தகுதியை எவ்வளவு உயர்த்தினாலும் எதிர்ப்பில்லை. ஆனால் எவ்வளவு கற்றாலும் எட்ட முடியாத தகுதியாகப் பிறப்பை வைப்பதை நான் ஏற்கவில்லை. தீட்சையாலும் கல்வியாலும் வருவது அர்ச்சகத்துவம் என்றால் கதவு திறக்க வேண்டும். பிறப்பால் வருவது என்றால், 1970-லேயே சட்டம் ஒழித்த பரம்பரை உரிமை வேறு பெயரில் தொடர்கிறது என்றுதான் பொருள்.

2015 டிசம்பர் 16 அன்று நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், என்.வி. ரமணா அமர்வு தீர்ப்பளித்தது. ஆகமப்படியே நியமனம் நடக்க வேண்டும் என்றது. மறுநாள் பல செய்தித்தாள்கள் மாணவர்கள் தோற்றுவிட்டார்கள் என்ற தொனியில் எழுதின. சிவாச்சாரியார்கள் தரப்பு மகிழ்ந்தது. ஆனால் தீர்ப்பைப் பொறுமையாகப் படித்தவர்கள் அதில் வேறு சிலவற்றையும் கண்டார்கள். 2006 அரசாணை ரத்தாகவில்லை. சாதியை மட்டும் காரணமாக வைத்து ஒருவரை விலக்க அரசமைப்பு அனுமதிக்காது. ஆகமமும் அரசமைப்பின் கட்டளைகளுக்கு உட்பட்டே செயல்பட வேண்டும். எந்தக் கோயிலுக்கு எந்த ஆகமம், அது யாரை அனுமதிக்கிறது என்பதை ஒவ்வொரு நியமனத்தின்போதும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒட்டுமொத்தத் தடை நீங்கிவிட்டது என்பதுதான் இதன் சாரம். 1972 தீர்ப்பு வெற்றியின் உருவில் வந்த தோல்வி என்றால், 2015 தீர்ப்பு ஏறக்குறைய அதன் மறுபக்கம். சங்கம் அப்படித்தான் வாசித்தது: தடையில்லை, எனவே நியமியுங்கள் என்று அரசிடம் கேட்கத் தொடங்கியது.

அரசு அசைய இன்னும் இரண்டாண்டுக்கு மேல் ஆனது. 2018-இல் மதுரை தல்லாகுளத்தில் உள்ள ஐயப்பன் கோயிலில், பயிற்சி பெற்ற மாணவர்களில் ஒருவர் அர்ச்சகராக நியமிக்கப்பட்டார். விழா இல்லை, அறிவிப்பு இல்லை. சில மாதம் கழித்து ஜூலையில்தான் செய்தி வெளியே தெரிந்தது. பெரிய ஆகமக் கோயிலைத் தொடாமல், சிறிய கோயில் ஒன்றில், ஓசைப்படாமல் நடந்த அந்த நியமனத்தில் அரசின் தயக்கம் தெளிவாகத் தெரிகிறது. ஆனாலும் முதல் ஆள் உள்ளே போய்விட்டார். வானம் இடிந்து விழவில்லை. பக்தர்கள் விபூதி வாங்கிக்கொண்டார்கள்.

2021 ஆகஸ்ட் 14 அன்று மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் நடந்த விழாவில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பணி ஆணைகள் வழங்கினார். அரசுப் பள்ளிகளில் பயிற்சி பெற்றவர்கள் 24 பேர் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மகிழ்ச்சியான நாள். கணக்குப் போட்டால் மனம் கனக்கிறது. 200-க்கும் மேற்பட்டவர்களில் 24. 2007-இல் 20 வயதில் வகுப்பில் சேர்ந்தவருக்கு அப்போது 34 வயது. கல்யாணம், குழந்தை, கடன், பெற்றோரின் முதுமை என எல்லாம் அந்த இடைவெளியில் நடந்து முடிந்திருக்கும். வயது வரம்பு விதி ஒருபுறம் நெருங்கிக்கொண்டிருந்தது. விடாமல் முயன்றவர்களைக் கொண்டாடும்போது, பாதியில் விட்டுவிட்டவர்களைக் குறைவாக எண்ணிவிடக் கூடாது. பதினான்கு ஆண்டு காத்திருக்க ஒருவருக்கு ஏதோ ஒரு பக்கபலம் வேண்டும்: நிலமோ, சம்பாதிக்கும் மனைவியோ, சோறு போடும் அண்ணனோ. அது இல்லாதவர் வேறு வேலைக்குப் போனதில் மனவுறுதியின் குறை ஏதும் இல்லை.

பணி ஆணையோடும் மறுப்பு நிற்கவில்லை. திருச்சி குமாரவயலூர் முருகன் கோயிலில் நியமிக்கப்பட்ட இருவரின் நியமனத்தை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. அது காமிக ஆகமக் கோயில், ஆதிசைவர்களே அங்கே தகுதியுடையவர்கள் என்றது. அதே ஆண்டு ஜூன் 26 அன்று, சேலம் சுகவனேசுவரர் கோயில் வழக்கில், ஆகமம் அறிந்து பயிற்சி பெற்றவர் யாராயினும் அர்ச்சகர் ஆகலாம், அதில் சாதிக்கு எந்தப் பங்கும் இல்லை என்று அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு நீதிபதி சொன்னார். இடையில் நான்கு மாதம்கூட இல்லை. எவை ஆகமக் கோயில்கள் என்று கண்டறிய நீதிபதி எம். சொக்கலிங்கம் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலேயே தலைமை நீதிபதி அமர்வு உத்தரவிட்டிருந்தது. பட்டியல் வராமல் எந்த நியமனத்தையும் கேள்வி கேட்கலாம் என்ற நிலை. 2023 செப்டம்பர் 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆகமக் கோயில்களில் மீண்டும் தற்போதைய நிலை தொடர வேண்டும் என்றது. 2006 ஆகஸ்டில் கேட்ட அதே சொற்கள்.

கேரளத்தில் இது வேறு விதமாக நடந்தது. 2017 அக்டோபரில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு கோயில்களுக்குப் பிராமணர் அல்லாத 36 பேரைச் சாந்திகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் ஆறு பேர் தலித்துகள். எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, இட ஒதுக்கீடு என்று மற்ற அரசு வேலைகளைப் போலவே நடந்தது. அங்கே பூசை முறையின் அடிப்படை தந்திர நூல்கள், அரசியலும் வேறு. நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் ஒருமுறை சாதகமான தீர்ப்பு வந்தவுடன் அதை வேலைவாய்ப்பு நடைமுறையாக மாற்றும் நிர்வாக ஆர்வம் அங்கே இருந்தது. இங்கே சாதகமான வரிகளை நடைமுறையாக்க மாணவர்களே அரசைத் தள்ள வேண்டியிருந்தது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் வாசல் பிரச்சினையே இன்னும் முழுதாகத் தீரவில்லை. தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், அறநிலையத் துறைக்கு உட்பட்ட முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் முதன்முறையாக நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். மாவட்ட ஆட்சியரும் காவல் துறையும் காவலுக்கு நின்றார்கள். 1939-இன் மதுரைக்கும் அந்த நாளுக்கும் இடையில் 83 ஆண்டுகள். சட்டம் எப்போதோ அவர்கள் பக்கம் வந்துவிட்டது. ஊர் வரவில்லை. கமுதியில் நடந்ததன் தலைகீழ் இது.

மூடிக் கிடந்த பயிற்சிப் பள்ளிகள் 2021 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு மீண்டும் திறந்தன. திருவரங்கம் பள்ளியில் சேர்ந்தவர்களில் மூன்று பேர் பெண்கள். உச்ச நீதிமன்றம் தற்போதைய நிலை தொடர வேண்டும் என்று சொன்ன அதே 2023 செப்டம்பரில், அந்த உத்தரவுக்குச் சில நாள் முன்பு, அவர்கள் மூவரும் ஓராண்டுப் படிப்பை முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள். சாதித் தடையோடு இன்னொரு தடையையும் அவர்கள் எதிர்கொள்ள வேண்டும். பெண் கருவறைக்குள் போவதைப் பற்றி எந்த நீதிமன்றமும் இன்னும் அவர்கள் பெயரில் தீர்ப்பு எழுதவில்லை. அடுத்த கட்டமாக, கோயில்களில் மூத்த அர்ச்சகர்களின் கீழ் ஓராண்டு செய்முறைப் பயிற்சிக்கு அவர்கள் போக வேண்டியிருந்தது.